யாருடைய முகத்தில் பூசிப் பார்த்தீர்கள்?

அழகு, ஒப்பனை, வாழ்க்கைமுறை சார்ந்த காணொளிகளை உருவாக்குவோரிடையே பன்முகத்தன்மை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது பெரும்பாலும் நியாயம், கண்ணியம், தன்னம்பிக்கை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அவற்றோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்பாக மிகச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. ஒரு கதையில் யார் நடித்தாலும் எனக்குக் கதை புரிந்துவிடும். முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷனைப் பற்றிய விமர்சனம் அப்படிப்பட்டதன்று. அதைப் பூசிக் காட்டுபவரின் தோல் என் தோலைவிடப் பல ஷேடுகள் (நிறப்படிகள்) வெளிறியதாக இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும் அந்தக் காணொளியில் எனக்குப் பயன்படும் செய்தி அநேகமாக எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே இந்தத் துறையில் பிரதிநிதித்துவம் என்பதை உணர்ச்சி சார்ந்த கோரிக்கையாகப் பார்ப்பதற்கு முன்பு, தகவல் சார்ந்த தேவையாகப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு வேதியியலே சாட்சி. ஃபவுண்டேஷன்களின் நிறம் பெரும்பாலும் நான்கு நிறமிகளின் கலவையிலிருந்து வருகிறது: வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றுக்கு இரும்பு ஆக்சைடுகள். வெளிர் ஷேடுகளில் வெள்ளை நிறமிக்கே பெரும்பங்கு. ஆழ்ந்த நிறத்தைக் கொண்டுவர வேண்டுமானால் வெள்ளையைக் குறைத்து, மற்ற மூன்றின் விகிதத்தையும் புதிதாகச் சமன்செய்ய வேண்டும். வெறுமனே கறுப்பைக் கூட்டினால் தோலுக்கு உரிய செம்மையும் மஞ்சளும் மறைந்து, முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனுக்கும் இதே கதைதான். வெளிர் தோலுடைய விமர்சகர் அதைத் தடவிவிட்டு, ‘பூசிய தடமே தெரியவில்லை’ என்று மகிழ்ந்து சொல்கிறார். நன்கு கறுத்த என் தோலில் அதே சன்ஸ்கிரீன், மாவு டப்பாவுக்குள் முகத்தை விட்டு எடுத்ததுபோல் நிற்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிவதற்கு வழியில்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை 2024-இல் வெளிவந்த ஒரு காணொளி வெட்டவெளிச்சமாக்கியது. யூத்ஃபோரியா என்ற நிறுவனம் தன் ஃபவுண்டேஷன் வரிசையில் ஆழ்ந்த நிறங்கள் போதவில்லை என்ற குறை எழுந்த பிறகு புதிய ஷேடுகளைச் சேர்த்தது. அவற்றுள் மிக ஆழ்ந்ததற்கு 600 என்று எண். தென் சூடான் வேர்களைக் கொண்ட காணொளிப் படைப்பாளர் கோலோரியா ஜார்ஜ், அந்த 600-ஐ முகத்தின் ஒரு பக்கத்திலும், நாடக ஒப்பனைக்குப் பயன்படும் கருஞ்சாயத்தை மறுபக்கத்திலும் பூசிக் கேமராவைப் பார்த்தார். எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோலின் நிறத்தை ஒட்டிய சாயல் எதுவும் அதில் இல்லை; வெறும் கறுப்பு. இத்தனைக்கும் அவர் கோபமாகப் பேசி எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. இரண்டு கன்னங்களும் அருகருகே இருந்ததே போதுமானதாக இருந்தது. வேறொரு தோலில் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே முடியாது என்பதுதான் இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

கறுத்த தோலுக்கு ஒப்பனைப் பொருள் தயாரிக்கத் தெரியாமல் உலகம் இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஃபேஷன் ஃபேர் என்ற ஒப்பனை நிறுவனம் 1973-இலும், சோமாலியாவில் பிறந்த மாடல் இமானின் நிறுவனம் 1994-இலும் தொடங்கப்பட்டவை. யூடியூபின் தொடக்க ஆண்டுகளிலும் நிலைமை அப்படியொன்றும் மோசமாக இல்லை. வாசலில் காவல் நிற்க ஆளில்லாத காலம் அது. வியட்நாமியப் பெற்றோருக்குப் பிறந்த மிஷெல் ஃபான் 2007-இல் ஒப்பனைக் காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கி, அந்த வகைக்கே ஓர் இலக்கணத்தை வகுத்தவர். இமையில் மடிப்புத் தெரியாத கண்களை உடையவர்களுக்கு, ‘மடிப்பில் அடர்நிறத்தைத் தடவுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. தங்களைப் போன்ற கண்ணுடைய ஒருவர் செய்து காட்டியபோதுதான் அவர்களுக்குப் பாடம் கிடைத்தது. லான்கோம் நிறுவனம் 2010-இல் மிஷெல் ஃபானுடன் கைகோத்த பிறகு, இந்தத் தொழிலில் பெரும்பணம் புழங்கத் தொடங்கியது. பணம் வந்ததோடு யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் வந்தது.

2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் ஒரே நாளில் 40 ஷேடுகளை வெளியிட்டதைத் திருப்புமுனை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கான நிலத்தை உழுதவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நைஜீரிய வேர்களைக் கொண்ட யூடியூப் படைப்பாளர் ஜாக்கி ஐனா 2009 முதலே, புதிதாக வந்த வரிசைகளில் தன் நிறம் இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே, ஆனால் விடாமல், கணக்கெடுத்துச் சொல்லிவந்தார். மற்றொரு படைப்பாளரான நைமா டாங் ஒவ்வொரு நிறுவனத்தின் மிக ஆழ்ந்த ஷேடையும் வாங்கித் தன் முகத்தில் பூசிக் காட்டுவதையே ஒரு தொடராக நடத்தினார். நிறுவனம் தன் கடைசிக் குப்பிக்கு என்ன பெயர் சூட்டியிருந்தாலும், அவர் தாடையில் அது வெளிறிய பட்டையாகத் தெரிந்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஃபென்டிக்குப் பிறகு 40 என்ற எண்ணே ஒரு மந்திரமாகிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையின் முதல் பாதியில் ஒரு ஷேடுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வேறுபாடும், கடைசி ஐந்தாறில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பெரும் பள்ளமும் இருக்குமானால், அந்த 40-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அண்டர்டோன் என்று ஒன்று, அதாவது தோலின் அடியில் தெரியும் சாயல், இருக்கிறது. வெளிர் நிறங்களில் குளிர்ந்தது, வெதுவெதுப்பானது, இடைப்பட்டது என்று மூன்று வகைகளையும் தரும் நிறுவனம், ஆழ்ந்த நிறங்களுக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே செம்மையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்த நுணுக்கங்களைப் பிடிப்பவர்கள் அந்தத் தோலோடு வாழும் படைப்பாளர்கள் மட்டுமே.

படைப்பாளர் இருந்தாலும் கேமரா ஒத்துழைக்க வேண்டும். கேமராவின் தானியங்கி ஒளியளவீடு, காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை முடிவு செய்யும் ஏற்பாட்டில் வளர்ந்தது. வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகம் அமர்ந்தால், சுவருக்கு ஏற்ற ஒளி அமைந்து முகம் இருண்டுவிடும். முகத்துக்கு ஏற்ற ஒளி அமைந்தால் பின்னணி வெளுத்துப்போகும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஒளிப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிவைத்த நிறச் சரிபார்ப்பு அட்டையில் நெடுங்காலம் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது. பல இனத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் போன்களில் எல்லா நிறத் தோலையும் சரியாகக் காட்டுவதற்கான ஏற்பாட்டைத் தனிச் சிறப்பாக விளம்பரப்படுத்தியது 2021-இல். இதற்கெல்லாம் முன்பே கருநிறப் படைப்பாளர்கள் சுவருக்கு அடர்நிறம் அடித்தும், விளக்குகளைப் பக்கவாட்டில் நிறுத்தியும், சன்னல் வெளிச்சத்தை நம்பியும் தாங்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள். ‘தரம் குறைந்த காணொளி’ என்று கருத்துரையில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கூடுதல் உழைப்பு தெரிவதில்லை.

அடுத்தது, காணொளி யார் கண்ணில் படுகிறது என்ற கேள்வி. அல்காரிதத்தை ஓர் இயற்கைச் சக்தியைப் போலப் பேசும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதன் பின்னால் மனிதர்கள் எடுத்த முடிவுகள் இருக்கின்றன. 2019 டிசம்பரில் நெட்ஸ்போலிட்டிக் என்ற ஜெர்மானியச் செய்தித்தளம், டிக்டாக் மாற்றுத்திறனாளிகள், பருமனானவர்கள், பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) ஆகியோரின் காணொளிகள் பரவலாகச் சென்றடையாதபடி கட்டுப்படுத்தியதை அந்நிறுவனத்தின் உள்விதிகளைக் கொண்டு வெளிப்படுத்தியது. கேலியிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் அவர்களைக் காக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. கேலி செய்கிறவனை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளாகிறவரைக் கதவடைத்து வைக்கும் பாதுகாப்பு இது. 2017-இல், வயதுவந்தோருக்கான காணொளிகளை வடிகட்டும் யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட பார்வை முறையும் பால்புதுமைப் படைப்பாளர்களின் சாதாரணக் காணொளிகளைக்கூட மறைத்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

ஊதியத்தைப் பற்றி எழுதுவதற்கு உறுதியான எண் ஒன்று உண்டு. அமெரிக்காவில் எம்.எஸ்.எல் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, வெள்ளையின இன்ஃப்ளூயன்சர்களுக்கும் கறுப்பின இன்ஃப்ளூயன்சர்களுக்கும் இடையிலான வருமான வேறுபாடு 35 விழுக்காடு. யாருக்கு எவ்வளவு தருகிறோம் என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்லாத தொழிலில், அடுத்தவர் கேட்ட தொகை தெரியாமல் தன் தொகையைக் குறைத்துக் கேட்பவரே எப்போதும் இழக்கிறார். பொருள்களை இலவசமாகப் பெட்டி பெட்டியாகப் பெறும் பெரிய சேனல்காரர் வெளியீட்டு நாளன்றே விமர்சனத்தைப் போட்டுவிடுகிறார். தன் பணத்தில் வாங்கும் சிறிய சேனல்காரரின் காணொளி சில நாள் கழித்து, தேடல் அலை ஓய்ந்த பிறகு வருகிறது. எனக்குத் தேவையான தகவல் இரண்டாமவரிடம்தான் இருக்கும். வருமானம் முதலாமவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நிறத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் எழுதியதற்குக் காரணம், அது எனக்கு நெருக்கமான விஷயம் என்பதுதான். ஆனால் தகவல் என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டால், இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தவர்கள் பார்வையற்ற படைப்பாளர்கள். கனடாவின் மோலி பர்க் 2014 முதலும், பதினேழு வயதில் பார்வையை இழந்த பிரிட்டனின் லூசி எட்வர்ட்ஸ் அதையொட்டிய காலத்திலும் ஒப்பனைக் காணொளிகளை வெளியிட்டு வருகிறார்கள். கண்ணாடியின்றி ஒப்பனை செய்பவரின் விரல்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பார்வையுள்ள நாம் ‘சமமாகப் பரவியிருக்கிறதா’ என்று கண்ணால் தேடும் இடத்தில், அவர்களுடைய விரல்நுனி ஈரத்தையும் வழுக்கலையும் கொண்டு எங்கே கூடுதலாகப் படிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. ஐ ஷேடோ தட்டில் எந்தக் குழியில் எந்த நிறம் என்பதை வரிசையை மனப்பாடம் செய்து நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களைப் போன்றவர்கள் பேசிய பிறகுதான், குப்பியின் வடிவம் என்பதே எனக்கு ஒரு விமர்சனப் பொருளாகத் தோன்றத் தொடங்கியது. ஷாம்புவும் கண்டிஷனரும் ஏன் தடவினால் வேறுபாடு தெரியாத ஒரே மாதிரிக் குப்பிகளில் வருகின்றன? லாக்சிட்டான் நிறுவனம் 1997 முதல் தன் பொதிகளில் பிரெய்ல் எழுத்தைப் பொறித்துவருகிறது என்றால், மற்றவர்களுக்கு என்ன தடை? கைகளில் வலுவில்லாதவர்கள் ஒரு மூடியைத் திறக்க எவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பதை, கைவலி இல்லாத விமர்சகர் ஒருபோதும் குறிப்பிடப்போவதில்லை. இவற்றைப் பற்றிய காணொளிகளை ‘உத்வேகம் தரும் கதை’ என்ற பெட்டிக்குள் போட்டுக் கண்கலங்கிவிட்டு நகர்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அவர்கள் செய்திருப்பது பொருள் விமர்சனம்.

வயதிலும் இதே குறைதான். சுருக்கம் விழுந்த கண்ணோரத்தில், கருவளையத்தை மறைக்கப் பூசும் கன்சீலர் எப்படிக் கோடுகோடாகத் தேங்குகிறது என்பதை இருபது வயதுக்காரரால் காட்ட முடியாது. 1947-இல் பிறந்த கொரியாவின் பார்க் மாக்ரே, உணவகம் நடத்திவிட்டு எழுபது வயதில் யூடியூபுக்கு வந்து, எங்கே போவதற்கு எந்த ஒப்பனை என்று அலட்டிக்கொள்ளாமல் செய்து காட்டியபோது, அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் இளையவர்கள். குறிப்பெடுத்தவர்கள் வேறு வயதினர் என்று நினைக்கிறேன். ஆண்களைப் பொறுத்தவரை, ஒப்பனை நிறுவனங்களான கவர்கேர்ல் 2016-இலும் மேபலின் 2017-இலும் ஆண் படைப்பாளர்களை விளம்பர முகங்களாக அறிவித்த பிறகு வழி ஓரளவு திறந்துகொண்டது. அதே வேளையில், நெதர்லாந்தின் ஒப்பனைக் காணொளிப் படைப்பாளர் நிக்கி டி யாகர் 2020 ஜனவரியில் தான் ஒரு திருநங்கை என்று அறிவித்தது மிரட்டலுக்கு ஆளான நிலையில்தான் என்பதையும் மறக்கக்கூடாது. திறந்த வழியில் நடப்பதற்கு எல்லோரும் ஒரே விலையைக் கொடுப்பதில்லை.

வாழ்க்கைமுறைக் காணொளிகளுக்கு வரும்போது, யாரும் தொடாத ஒன்று வர்க்கம். நிறம், பாலினம், உடலளவு ஆகியவற்றில் பார்வைக்கு வேறுபட்ட பத்துப் படைப்பாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அறைகள் மட்டும் ஒரே அறையாக இருக்கும். பெரிய சன்னல், பொருளில்லாத மேசை, மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. அதிகாலை எழுந்து, மூன்று மணிநேரம் தன்னைப் பேணிக்கொண்டு, பிறகு நிதானமாக வேலையைத் தொடங்கும் காலைப் பொழுதை அவர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே அறையில் நான்கு பேர் உறங்கும் வீட்டில் படம்பிடிக்கும் பெண்ணின் காணொளியில் பின்னணிக் குரல்கள் கேட்கும், யாராவது குறுக்கே போவார்கள், வெளிச்சம் பாதியில் மாறும். அவளுக்கு ஸ்பான்சர் வருவது அரிது. விளம்பர நிறுவனங்கள் முகத்தில் வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்ட அளவுக்குச் சுவரில் வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

குறை மட்டுமே சொல்லி முடித்துவிட முடியாதபடி ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2020 ஜூனில், நைஜீரியாவில் பிறந்த தொழில்முனைவோர் ஷாரன் சூட்டர், கறுப்பினத்தவருக்கு ஆதரவாகக் கறுப்புச் சதுரங்களைப் பதிவிட்டுக்கொண்டிருந்த அழகுப்பொருள் நிறுவனங்களைப் பார்த்து, உங்கள் அலுவலகங்களில், குறிப்பாக முடிவெடுக்கும் பதவிகளில், எத்தனை கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்று 72 மணிநேரத்துக்குள் வெளியிடுங்கள் என்றார். பல நிறுவனங்கள் வெளியிட்டன. 2024-இல் மாடல் ஹெய்லி பீபரின் ரோட் நிறுவனத்தின் பிளஷ் என்ற கன்னச் சாயம் ஆழ்ந்த நிறத் தோலில் வெளுத்து நிற்கிறது என்று கோலோரியா ஜார்ஜ் காட்டியபோது, பீபர் அவரைத் தொடர்புகொண்டு ஷேடுகளைத் திருத்துவதில் பங்கேற்கச் செய்தார். அந்த ஆலோசனைக்கு ஊதியமும் தரப்பட்டது என்று கோலோரியாவே தெரிவித்தார். நான் கேட்பதும் இந்த ஏற்பாட்டைத்தான். ஒரே ஒரு திருத்தம், அந்த அழைப்பு பொருள் கடைக்கு வருவதற்கு முன்பு வர வேண்டும். வெளியான பிறகு ஒருவர் தன் முகத்தில் பூசி, ஊரறியக் குறைசொல்லி, அதற்காக வசவுகளையும் வாங்கிக்கொண்டு, பின்னர் திருத்தப்படுவது என்பது ஆய்வகம் செய்யத் தவறிய வேலையை அவர் தலையில் கட்டுவதாகும்.

இதில் தீராத ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. கறுத்த தோலுக்கு எது ஒத்துவரும் என்று சொல்பவராகவே ஒருவர் அறியப்பட்டுவிட்டால், அவர் வேறெதைப் பற்றிப் பேசினாலும் கூட்டம் குறைகிறது. ஒவ்வொரு புதிய பொருளுக்கும், ‘இது நமக்குச் சரிப்படுமா?’ என்று அவரிடம்தான் கேட்கிறோம், நானும் கேட்கிறேன். அவருக்கு ஒரு நாள் பச்சை ஐ லைனரைப் பற்றியோ, புதிதாக வாங்கிய நாற்காலியைப் பற்றியோ வெறுமனே பேசத் தோன்றலாம். வெளிர் தோலுடைய படைப்பாளர் அப்படிப் பேசினால் அது வழக்கமான ஒரு காணொளி. இவர் பேசினால், அடுத்த ஃபவுண்டேஷன் விமர்சனம் எப்போது என்ற கேள்விகள் கருத்துரைப் பகுதியில் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தத் தகவலைத் தருவதற்கு இன்னும் இருபது பேர் இருந்தால், இவர் நாற்காலியைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம்.